பிக்கப்புக்குச் சற்றுப் பெரிய டயர்: கேலிபரேஷன் செய்யாமல் ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்ததும், பிக்கப் வைத்திருப்பவர்கள் பலர் ஒரு அளவு கூட்டிப் போடலாமா என்று யோசிக்கிறார்கள். உயரம் கொஞ்சம் கூடும், மேடுபள்ளத்தில் அடி தட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். உடனே அடுத்த கவலை வரும்: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமே, கேலிபரேஷன் செய்ய வேண்டுமா, அதாவது புதிய டயர் அளவுக்கு ஏற்ப மீட்டரைக் கம்ப்யூட்டரில் சரிசெய்ய வேண்டுமா? கீழே உள்ள கணக்குகளுக்கு 265/65 ஆர்17 அளவிலிருந்து 265/70 ஆர்17 அளவுக்கு மாறுவதையே உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் டயர் எண்களை அதே இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: கேலிபரேஷன் செய்யாமல் ஓட்டலாமா, கூடாதா?

டயரின் மொத்த உயரம் 3 சதவீதத்தை ஒட்டிக் கூடுகிறது, மாற்றிய பிறகும் மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவில்லை என்றால் ஓட்டலாம். ஆனால் உங்கள் வண்டியில் அது எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். மீட்டர் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் அதை மனதில் வைத்தே சமாளிக்கலாம். உண்மையில் மீட்டரை விடக் கவனிக்க வேண்டியவை வேறு: டயர் எங்காவது உரசுகிறதா, தாங்கும் எடை சரியா, நான்கும் ஒரே அளவா, ஸ்டெப்னி என்ன அளவு. எல்லோரும் மீட்டரைப் பற்றியே கேட்கிறார்கள். ஆபத்து இந்த நான்கில்தான் இருக்கிறது.

டயரின் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது?

265/65 ஆர்17 என்பதில் 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் அது எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

265இல் 65 சதவீதம் 172.25 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பக்கச்சுவர் சேர்ந்து 344.5 மி.மீ. ரிம் 17 × 25.4 = 431.8 மி.மீ. ஆக மொத்தம் 776.3 மி.மீ. இதே கணக்கை 265/70 ஆர்17க்குப் போட்டால் 802.8 மி.மீ. வரும். வித்தியாசம் 26.5 மி.மீ., அதாவது 3.4 சதவீதம்.

265/70 ஆர்17இலிருந்து 275/70 ஆர்17க்குப் போனால் 1.7 சதவீதம்தான். அதிலிருந்தே 285/70 ஆர்17க்குப் போனால் 3.5. 265/60 ஆர்18இலிருந்து 265/65 ஆர்18க்கு 3.4. 245/75 ஆர்16இலிருந்து 265/75 ஆர்16க்கு 3.9. ஆனால் 265/65 ஆர்17 வந்த வண்டியில் நேராக 285/70 ஆர்17 ஏற்றினால் 7 சதவீதம். அதைச் "சற்றுப் பெரிய" டயர் என்று சொல்ல முடியாது. இங்கே சொல்லும் சலுகைகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்கள் உயரத்தில் சில மில்லிமீட்டர் வேறுபடும். ஆகவே வாங்குவதற்கு முன் அந்த மாடலின் உண்மையான விட்டத்தைத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

டயர் பெரிதானால் மீட்டர் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

வண்டிக்குத் தூரம் தெரியாது. சக்கரமோ கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டோ எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் பதித்த எண்ணால் பெருக்கி, வேகமும் கிலோமீட்டரும் காட்டுகிறது. நம் உதாரணத்தில் பழைய டயரின் சுற்றளவு 2.44 மீட்டர், புதியது 2.52 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குப் பழைய டயர் 410 சுற்று சுற்றும் இடத்தில் புதியது 396 சுற்றோடு முடித்துவிடும். சுற்று குறைந்ததால், வண்டி மெதுவாகப் போகிறது என்று மீட்டர் நினைத்துக்கொள்கிறது.

பாரத்தில் டயர் தரையோடு கொஞ்சம் சப்பையாவதால் உண்மையான சுற்று எண்ணிக்கை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இரண்டு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு சப்பையாகும் என்பதால் 3.4 என்ற விகிதம் பெரிதாக மாறாது.

அப்படியானால் முள் 100இல் நிற்கும்போது உண்மையில் எவ்வளவு வேகம்?

மீட்டர் முன்பு துல்லியமாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், முள் 60 காட்டும்போது 62, 80இல் 82.7, 100இல் 103.4, 120இல் 124 கி.மீ. வேகத்தில் போவீர்கள். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் மீட்டர் முன்பும் துல்லியமாக இருந்திருக்காது.

பெரிய டயர் போட்ட பிறகு ஜிபிஎஸ்ஸும் மீட்டரும் ஒரே வேகம் காட்டுகின்றனவே, எப்படி?

இது நிறையப் பேருக்கு நடப்பதுதான். ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 39ஐப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. கார்களுக்கும் இலகுரக பிக்கப்புகளுக்கும் உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை கூடலாம். அதாவது 100இல் போகும்போது 114 காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். தயாரிப்பாளர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை என்றாலும், எந்த டயர் போட்டாலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக முள்ளை வேண்டுமென்றே சில கிலோமீட்டர் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள்.

உங்கள் வண்டி உண்மையான 100இல் 104 காட்டிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். 3.4 சதவீதம் பெரிய டயர் போட்டதும் அதே 100இல் 100.6 காட்டும். மீட்டர் திடீரென்று துல்லியமாகிவிட்டது போல் தெரியும். கேலிபரேஷன் இல்லாமல் ஓட்டலாம் என்று சொல்வதற்கு அடிப்படையே இந்த இடைவெளிதான். முன்பே துல்லியமாகக் காட்டிய வண்டியாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அதனால் டயர் மாற்றும் முன்பே ஒரு தடவை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அந்தப் பழைய எண் எங்கும் கிடைக்காது.

மீட்டர் சரியாகிவிட்டது என்றால் கிலோமீட்டர் கணக்கும் சரியாகிவிட்டதா?

இல்லை. நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இது. வேக முள்ளுக்கு இருக்கும் அந்தத் தள்ளிவைப்பு பெரும்பாலும் ஓடோமீட்டருக்குக் கிடையாது. அது முன்பு ஏறக்குறைய சரியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கும், இப்போது 3.3 சதவீதம் குறைத்து எண்ணும். 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி 10,340 கி.மீ. ஓடியிருக்கும்.

ஆயில் மாற்றுவதை 10,000இல் வைத்திருந்தால் இனி மீட்டர் 9,650 காட்டும்போதே மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டரில் 3,400 கி.மீ. தள்ளிப்போகும். வண்டியை விற்கும்போது எந்தத் தேதியில், மீட்டர் எத்தனை காட்டும்போது டயர் அளவு மாறியது என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் வாங்குபவருக்கும் நியாயம் செய்தவர் ஆவீர்கள்.

உண்மையான வேகத்தை நானே எப்படிச் சரிபார்ப்பது?

போனில் ஒரு ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் செயலி போதும். வானம் மறையாத, நேரான, சமதளமான சாலையில் ஒரே வேகத்தைப் பிடித்து ஓட்டுங்கள். வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஜிபிஎஸ் கொஞ்சம் பின்தங்கும் என்பதால் சில விநாடிகள் ஒரே வேகத்தில் நின்ற பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். 50, 80, 100 ஆகிய மூன்று வேகங்களில் பாருங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஓபிடி பிளக்கில் (மெக்கானிக் ஸ்கேன் கருவியை மாட்டும் இடம்) மாட்டும் கருவி காட்டும் வேகத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கும் டயர் மாறியது தெரியாது. முள்ளுக்கான தள்ளிவைப்பு அதில் இல்லாததால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும்; அதை நம்பினால் வேகமாகத்தான் போவீர்கள்.

ஓடோமீட்டருக்கு நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களே சரியான அளவுகோல். ஒன்றிரண்டு கி.மீ.யில் வித்தியாசம் தெரியாது. குறைந்தது 20 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயர் தேய்ந்திருந்ததே, அது கணக்கில் வராதா?

கட்டாயம் வரும். புதிய ஏ.டி. டயரில் (எல்லா வகைப் பாதைக்குமான ஆல்-டெரெய்ன் டயர்) பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளின் ஆழம் சுமார் 10 மி.மீ. இருக்கும். 2 மி.மீ. வரை தேய்ந்துவிட்டால் ஆரத்தில் 8, விட்டத்தில் 16 மி.மீ. போய்விடும். நம் உதாரண டயரில் அது மட்டுமே 2 சதவீதம். தேய்ந்து 760 மி.மீ.க்கு வந்துவிட்ட பழைய டயரைக் கழற்றி 803 மி.மீ. புதிய டயரை மாட்டும்போது, நேற்றைய வண்டிக்கும் இன்றைய வண்டிக்கும் இடையே 5.6 சதவீதம் தாவல். "3 சதவீதம் என்றார்களே, இழுவை இவ்வளவு குறைந்துவிட்டதே" என்று சிலர் சொல்வது வெறும் பிரமை இல்லை, காரணம் இதுதான்.

இதையே திருப்பிப் பார்த்தால் ஓர் ஆறுதலும் உண்டு. தொழிற்சாலை டயரிலேயே வண்டி தன் ஆயுள் முழுக்க இந்த 2 சதவீத ஏற்ற இறக்கத்தோடுதான் ஓடுகிறது. அதற்காக யாரும் கேலிபரேஷன் செய்வதில்லை. வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் அந்த அளவைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. புதிய பெரிய டயரும் தேயத் தேயப் பிழை தானாகவே குறைந்துகொண்டு வரும்.

மைலேஜ் குறைந்துவிட்டது. டயர்தான் காரணமா?

பாதி உண்மை, பாதி மீட்டரின் வேலை. 70 லிட்டருக்கு முன்பு 840 கி.மீ. ஓடிய வண்டி, அதாவது லிட்டருக்கு 12, இப்போது 800 காட்டுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 11.4 வரும்; மனசு சோர்ந்துபோகும். ஆனால் உண்மையில் ஓடியது 827 கி.மீ.; மைலேஜ் 11.8. குறைந்தது 0.2 மட்டும்தான். டேஷ்போர்டில் வண்டியே காட்டும் சராசரியும் இதே தப்பைச் செய்யும், அதையும் 1.034ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மீதி இழப்பு உண்மையானது. டயர் எடை கூடியிருக்கும், பட்டன் முரடாக இருந்தால் உருளும் தடை கூடும், அகலம் கூடினால் காற்றையும் அதிகம் தள்ள வேண்டும். நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் வண்டியில் எடைதான் அதிகம் உறைக்கும். டயரின் எடை பெரும்பாலும் வெளி விளிம்பில் இருப்பதால், அதை முன்னால் நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டும். விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது பின்னால் சரக்குத் தொட்டியில் ஏற்றிய இரண்டு கிலோவுக்குச் சமம்.

இழுவை, கியர் மாறுவதில் என்ன வித்தியாசம் தெரியும்?

பெரிய டயர் போடுவது டிஃபரன்ஷியலின் பல் விகிதத்தைக் குறைப்பதற்குச் சமம். 4.10 விகிதம் உள்ள வண்டி 3.97 போல நடந்துகொள்ளும். தரையில் கிடைக்கும் இழுவை எல்லாக் கியரிலும் 3.3 சதவீதம் குறையும். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று சற்றுக் குறைவாக இருக்கும், அது நல்லதுதான்.

கைக்கியர் வண்டியில் சுமையோடு மேட்டில் எடுக்கும்போது கிளட்ச்சைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்து எடுக்க வேண்டிவரும். ஆட்டோமேட்டிக்கில் மேடு ஏறும்போது மேல் கியருக்குப் போவதும் உடனே இறங்குவதுமாகத் தடுமாறினால் டோ மோடு (டிரெய்லர் இழுப்பதற்கான அமைப்பு) போடுங்கள், இல்லையென்றால் கையால் ஒரு கியர் கீழே பிடித்து வையுங்கள். அந்தத் தடுமாற்றத்தை அப்படியே விட்டால் கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும். சும்மா ஓடும் வண்டியில் 3 சதவீதத்துக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் தொட்டி நிறைய லோடு ஏற்றுபவர்களுக்கும்தான் தெரியும்.

பிரேக் பிடிப்பது குறையுமா?

அதே அழுத்தத்துக்கு, ஆம், கொஞ்சம் குறையும். டிஸ்க்கும் கேலிபரும் மாறவில்லை. டயரின் ஆரம் மட்டும் 13 மி.மீ. நீண்டிருக்கிறது. அதனால் அதே பெடல் அழுத்தத்தில் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 3.3 சதவீதம் குறைகிறது. கூடுதல் எடையுள்ள டயரைச் சுழல விடாமல் நிறுத்தவும் வேண்டும். காலை இன்னும் சற்று அழுத்தினால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுமையோடு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது, அதே கியரில் இன்ஜின் பிரேக்கின் பிடிப்பும் குறைவதால் டிஸ்க்கில் சூடு கூடுதலாகச் சேரும். பேடு பாதி தேய்ந்த வண்டியில் பெரிய டயர் ஏற்றாதீர்கள். பேடை மாற்றிவிட்டு ஏற்றுங்கள். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கை முன்பைவிட ஒரு கியர் கீழே வைத்துப் பயன்படுத்துங்கள்.

ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் குழம்பிவிடாதா?

ஏபிஎஸ் முக்கியமாகப் பார்ப்பது நான்கு சக்கரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடத் திடீரென்று மெதுவானால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று முடிவு செய்கிறது. நான்கும் ஒரே அளவில் பெரிதானால் அந்த ஒப்பீட்டில் ஒன்றும் மாறுவதில்லை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வேகத்தையும் ஸ்டீயரிங் கோணத்தையும் சேர்த்து வண்டி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்கிடுகிறது. 3 சதவீதப் பிழை, டயர் தேய்வதால் வரும் வித்தியாசத்தை ஒட்டியே இருப்பதால் சமாளித்துவிடும். 6, 7 சதவீதத்துக்கு அந்த உறுதியைத் தர முடியாது.

ஒரே அச்சில் இரண்டு அளவு, அல்லது முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று போட்டால்தான் உண்மையான குழப்பம் வரும். விளக்கு எரிவதோடு நின்றால் நல்லது. தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்தில் பிரேக் விழவும் கூடும்.

காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு?

இதில் இரண்டு வகை. சக்கரத்துக்குள் சென்சார் உள்ள வகையில் டயர் அளவு ஒரு பொருட்டில்லை. பழைய சென்சார்களைப் புதிய டயரோடு திரும்ப மாட்டினால் போதும். சென்சாரே இல்லாமல், காற்று குறைந்த சக்கரம் வேகமாகச் சுழலும் என்பதை வைத்துக் கண்டுபிடிக்கும் வகையில், டயர் மாற்றிக் காற்றைச் சரிசெய்ததும் ரீசெட் பட்டனை அழுத்தி அல்லது மெனுவில் போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ள வைக்க வேண்டும்.

க்ரூஸ் கன்ட்ரோல், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன் கேமரா?

க்ரூஸில் 100 வைத்தால் மீட்டரின் 100தான் பிடிக்கும். உண்மை வேகம் மேலே சொன்ன கணக்குப்படி. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வணிக வண்டிகளில் கவனம் தேவை. 80இல் பூட்டிய வண்டி 82.7 வரை போகும். அது சட்டப் பிரச்சினை. அப்படிப்பட்ட வண்டியில் கேலிபரேஷன் செய்யாமல் விடக் கூடாது. கேமராவைப் பொறுத்தவரை நான்கு டயரும் சேர்ந்து வண்டியை 13 மி.மீ. மட்டும் நேராக உயர்த்துகின்றன, சாய்வு மாறுவதில்லை. லிஃப்ட் கிட்டும் (சஸ்பென்ஷனை உயர்த்தும் பாகங்கள்) சேர்த்துப் போட்டால் கதை வேறு, கேமராவைத் திரும்பச் சரிசெய்தே ஆக வேண்டும்.

உரசுமா என்று எப்படிப் பார்ப்பது?

கடையில் மாட்டியதும் சமதளத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து "உரசவில்லை" என்று கிளம்பிவிடுவார்கள். அது போதாது. டயர் உரசுவது சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும்போது. ஒரு முன் சக்கரத்தை உறுதியான சாய்தளத்திலோ அகலமான மேட்டிலோ ஏற்றி, அந்த நிலையில் ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒடிக்க வேண்டும். பிறகு அடுத்த சக்கரம். பிறகு ரிவர்ஸில் ஒடித்துக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள். சஸ்பென்ஷன் புஷ்கள் ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் நெளிவதால், முன்னால் போகும்போது தொடாத இடத்தை டயர் அப்போது தொடும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையின் பின் பகுதி, மட்ஃப்ளாப், முன் பம்பரின் கீழ் மூலை, கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் முன் மவுண்ட், மேல் கன்ட்ரோல் ஆர்ம். உள்ளே தூசி படிந்திருக்கும் நிலையில் சில நாள் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் தூசி துடைத்தெடுத்தது போல, வில் வடிவத்தில் கறுப்பாகப் பளபளத்தால் டயர் தொடுகிறது என்று அர்த்தம். டயரின் தோள்பட்டையிலும் அதே உயரத்தில் சுற்றிலும் ஒரு தேய்ந்த கோடு இருக்கும்.

பிளாஸ்டிக்கைத் தொட்டால் மட்ஃப்ளாப்பைச் சற்று நகர்த்தியோ, உறையைச் சூடாக்கி உள்ளே தள்ளியோ தீர்த்துவிடலாம். இரும்பைத் தொட்டால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு ஆகாது, மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரை இரும்பு அறுக்க ஆரம்பித்தால் அது எந்த வேகத்தில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் முழு ஒடிப்பில் டயரிலிருந்து தள்ளியிருக்கின்றனவா என்றும் அதே டார்ச்சில் பார்த்துவிடுங்கள்.

ரிம்மையும் மாற்றுகிறீர்கள் என்றால் ஆஃப்செட் எண்ணைக் கவனியுங்கள்; ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதை அது சொல்கிறது. ரிம் வெளியே தள்ளும்போது உள்பக்கம் இடம் கிடைக்கும். ஆனால் திரும்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்ஃப்ளாப்பையும் பம்பரையும் பிடிக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். உயரம் மட்டும் கூடுகிற, அகலம் மாறாத அளவுகளை நான் விரும்பிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டயரில் வேறு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

அளவுக்குப் பின்னால் வரும் 112 எஸ் போன்ற குறி. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 115 என்றால் 1,215. 116 என்றால் 1,250. பெரிய டயர் என்பதாலேயே அதிக எடை தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே அளவு வெவ்வேறு சுமை எண்ணில் வரும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். எழுத்து அதிகபட்ச வேகம்: க்யூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190 கி.மீ.

எல்.டி. (லைட் டிரக், அதாவது இலகுரக சரக்கு வண்டிக்கானது) என்று தொடங்கும் டயரில் 121/118 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, 1,450 கிலோ. இரண்டாவது, பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு, டயருக்கு 1,320 கிலோ. ஆனால் அந்த 1,450 கிலோ அதற்குரிய உயர்ந்த காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும்.

காற்று எவ்வளவு வைப்பது?

சாதாரண டயரிலிருந்து சாதாரண டயருக்கே மாறினால் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தில் ஆரம்பிக்கலாம். எல்.டி. டயருக்கு அது போதாது. அதே சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். டயர் தயாரிப்பாளரின் சுமை, அழுத்த அட்டவணையைப் பார்த்து வைக்க வேண்டும். குறைந்த காற்றோடு லோடு ஏற்றினால் பக்கச்சுவர் சூடாகி உள்ளே நூலடுக்கு விட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: டயரின் குறுக்கே விளிம்பு முதல் விளிம்பு வரை சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, நேர்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் நின்றால் குறைவு. இது லோடு இல்லாத வண்டிக்குச் சொல்லும் பதில். லோடு ஏற்றும் நாளில் அட்டவணைதான் முடிவு.

இப்போதைக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

4×4 வண்டியில் கூடவே கூடாது. 4எச்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டதும் சாதாரண பிக்கப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். 100 மீட்டர் ஓடுவதற்குச் சின்ன டயருக்கு 41 சுற்று வேண்டும், பெரிய டயருக்கு 39.6 போதும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் இந்த ஒன்றரைச் சுற்றுக்கு நெருக்கமான வித்தியாசம் எங்காவது போயாக வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். தார்ச்சாலையில் வழுக்காது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கிக்கொள்ளும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துத் தேயும். டயர் எத்தனை பெரிது என்பதைவிட நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே வண்டிக்கு முக்கியம்.

ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கட்டுமா?

முடிந்தால் அதையும் மாற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தொங்கும் இடத்தில் பெரிய டயர் நுழைகிறதா, சைலன்சரைத் தொடாமல் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். பழைய அளவே இருந்தால், பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதற்கு மட்டும் அது. இழுக்கும் அச்சில் அதை மாட்டாதீர்கள். பின்சக்கர இழுவை வண்டியில் பின் டயர் பஞ்சரானால், முன்னால் இருக்கும் ஒரு நல்ல டயரைப் பின்னால் கொண்டுபோய், ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் டிஃபரன்ஷியல் தப்பும், லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) உள்ள வண்டியில் இது இன்னும் அவசியம். அந்த நிலையில் 4எச்சைத் தொடவே கூடாது.

எப்போது கேலிபரேஷன் செய்தே ஆக வேண்டும்?

டயர் மாற்றிய பிறகு மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டினால் செய்துவிடுங்கள். அதுவே என் எல்லைக்கோடு; சதவீதம் எத்தனையாக இருந்தாலும் சரி. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தாலும், கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்கினாலும், அதே வண்டியை வேறு ஓட்டுநர்களும் ஓட்டினாலும் செய்யுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் திருத்தம் அடுத்தவருக்குத் தெரியாது. அதிவேகத்துக்கு அபராதம் வந்தால் "டயர் பெரிது" என்ற பதில் எடுபடாது, பொறுப்பு ஓட்டுபவருடையது.

கேலிபரேஷனை எப்படிச் செய்கிறார்கள்?

புதிய வண்டிகள் சிலவற்றில் ஸ்கேன் கருவியை மாட்டி டயர் அளவையோ சுற்றளவையோ மாற்றினால் முடிந்தது. சிலவற்றில் தயாரிப்பாளர் அதைப் பூட்டியிருப்பார். அங்கே சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் ஒரு சின்னத் திருத்தக் கருவியைச் சேர்ப்பார்கள். அதை மீட்டருக்குப் போகும் ஒயரில் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ்ஸுக்குப் போகும் சிக்னலில் கை வைக்க விடாதீர்கள்.

கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் கியர்பாக்ஸ் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். 20 பல் உள்ளதைக் கழற்றி 19 பல் போட்டால் மீட்டர் 5.3 சதவீதம் கூடும். 3.4 சதவீதம் பெரிய டயருக்கு அது சற்று அதிகம், மீட்டர் 1.8 சதவீதம் கூட்டிக் காட்டும். கூட்டிக் காட்டுவது தப்பில்லை என்பதால் தாராளமாக அப்படியே விடலாம்.

வாரண்டி, காப்பீடு?

வண்டியின் பதிவு ஆவணத்திலோ தயாரிப்பாளரின் கையேட்டிலோ மாற்று அளவாகக் குறிப்பிட்டிருக்கும் டயர் என்றால் கவலையே இல்லை. ஒரே மாடலின் உயர்ந்த ரகத்தில் வரும் டயர் அளவு பலமுறை இந்தப் பட்டியலில் இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள். பட்டியலில் இல்லாத அளவு என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் மாட்டியதும் உடனே செய்ய வேண்டியவை?

பேலன்சிங் கட்டாயம். அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள், பெரிய டயர் சின்னக் கோணப் பிழையையும் சீக்கிரம் தேய்மானமாகக் காட்டிவிடும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

பிறகு பழைய அளவுக்கே திரும்பினால்?

கேலிபரேஷன் செய்யாமல் ஓட்டியிருந்தால் எதையும் தொட வேண்டியதில்லை, மீட்டர் பழைய நிலைக்கு வந்துவிடும். கேலிபரேஷன் செய்திருந்தால் அதையும் திருப்ப வேண்டும். இல்லையென்றால் இப்போது ஓடோமீட்டர் ஓடாத கிலோமீட்டரையும் சேர்த்து எண்ணும், 10,000 ஓடியதற்கு 10,340 காட்டும். டயரை மாற்றும் அன்றே ஸ்கேன் கருவியில் பழைய எண்ணைப் போட்டு, சர்வீஸ் புத்தகத்தில் அந்தத் தேதியையும் மீட்டர் எண்ணையும் எழுதிவிடுங்கள்.